புதுப்பிப்பு: யமஹா டிஎக்ஸ்81இசட், வாங்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விலைக்கு வந்த 1987ஆம் ஆண்டு மாடல் (கட்டைகள் இல்லாத சிந்தசைசர் பெட்டி) பற்றிக் கேட்டிருந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தாயிற்று. வாங்கலாம், ஆனால் பிளக்கைச் சொருகும் முன் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். இது ஜப்பான் சரக்கு, 100 வோல்ட். நம் 240இல் நேராகச் சொருகினால் பவர் சப்ளை போய்விடும். 240ஐ 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போடுங்கள், 50 வாட் தாராளம்.

பேட்டரி சி.ஆர்.2032, போர்டில் பற்றவைத்தது. மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். அதற்கு முன் சிஸ்எக்ஸ் டம்ப் (இசைக்கருவிகளை இணைக்கும் மிடி வழியாகக் கணினிக்கு எடுக்கும் சத்தங்களின் நகல்) எடுத்து வையுங்கள். பேட்டரியைக் கழற்றினால், நாம் சேமிக்கும் 'ஐ' பேங்கின் (சத்தத் தொகுப்பின்) 32 சத்தமும் அழியும். ஏ முதல் டி வரை உள்ள 128ம் ராமில் அல்ல, ரோமில் (பேட்டரி இல்லாமலும் அழியாத நினைவகம்) இருப்பதால் பயமில்லை. புது பேட்டரி மேல் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். ஹோல்டர் போட்டுவிட்டால் அடுத்த முறை சுலபம்.

டம்பைத் திருப்பி ஏற்றும்போது மெமரி புரொடெக்ட் (புதிதாக எழுதவிடாத பூட்டு) ஆஃபில் இருக்கட்டும். மலிவு யூஎஸ்பி மிடி கேபிள் நீண்ட சிஸ்எக்ஸைப் பாதியில் விழுங்கிவிடும். "டேட்டா கெட்டுவிட்டது" என்ற புகார்களில் பாதி இதுதான் என்பது என் சந்தேகம்.

கல்யாணக் கச்சேரிக்கு ஸ்ட்ரிங்ஸ் வேண்டுமென்றால் இதை எடுக்காதீர்கள், 8 குரல்தான், அதாவது ஒரே நேரத்தில் 8 சுரம்தான் ஒலிக்கும். தாழ்ந்த பேஸ் சத்தத்துக்கு அருமை.