சென்னை–ராமேஸ்வரம் குடும்பத்தோடு காரில்: நடை சாத்தும் நேரம்தான் கணக்கு (நாலு பேர், அவரவர் புனைபெயரில் சொல்வது)

கொள்ளிடக்கரை:

மகாபலிபுரம், புதுச்சேரி, சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, ராமேஸ்வரம். இந்த வரிசையில் ஆறு நாள் திட்டம் போட்டுக் கிளம்புகிறவர்கள் உட்கார்ந்து கிலோமீட்டரைக் கூட்டுகிறார்கள். பார்க்க வேண்டியது நடை சாத்தும் நேரத்தை. பெரும்பாலான கோயில்கள் பகல் 12, 12.30-க்குச் சாத்தினால் மாலை 4-க்குத்தான் திறக்கும். சிதம்பரத்தில் 5 மணியாகும். லாட்ஜ் டிபனைச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு மெதுவாகக் கிளம்பினால் ஊர் ஊராகப் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம். காலை ஆறரைக்குள் கோயில், உச்சி வெயிலில் ஏசி போட்டு ஓட்டம், நாலு மணிக்கு அடுத்த ஊர்க் கோயில். இப்படி வைத்தால் பெரியவர்களுக்கும் அலுப்புத் தெரியாது.

உதாரணத்துக்குச் சிதம்பரம் நாள்: விடிகாலையில் நடராஜர், டிபன், ஒன்பது மணிக்குப் பிச்சாவரம். 15 கி.மீ.தான். அங்கே துடுப்புப் படகு கேளுங்கள். மோட்டார் படகு சுரபுன்னைக் காட்டின் குறுகிய கால்வாய்களுக்குள் போகாது. ஊருக்குத் திரும்பிச் சாப்பிட்டு, இரண்டரைக்குக் காட்டுமன்னார்கோயில் வழியாகக் கிளம்பினால் நாலு மணிக்குக் கங்கைகொண்ட சோழபுரம். மாலை வெயில் கோயில் விமானத்தில் விழும் நேரம் அதுதான். இருட்டும்போது கும்பகோணம் போய்விடலாம், 35 கி.மீ. மறுநாள் காலையில் தாராசுரம்.

தஞ்சைப் பெரிய கோயிலையும் காலையிலோ மாலையிலோ வையுங்கள். செருப்பை வாசலிலேயே விட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் உள்ளே கல் தளம் தோசைக்கல்தான். ஆளுக்கு ஒரு ஜோடி கெட்டியான சாக்ஸ், குழந்தைகளுக்கு இரண்டு. பிரதோஷத்தன்று நந்தி அபிஷேகத்துக்கு மொத்த ஊரும் வரும், சிற்பம் பார்க்க வாய்க்காது. காலண்டரில் முகூர்த்த நாளையும் பாருங்கள்: அன்று கும்பகோணத்திலும் தஞ்சையிலும் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஸ்டெப்னி:

வண்டிப் பக்கம் நான் சொல்கிறேன். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்று ஸ்டிக்கர் இருக்கும். அதில் இரண்டு அளவு: இரண்டு மூன்று பேருக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று. ஆறு பேர், மேலே கேரியர் என்றால் இரண்டாவது அளவு. பெரும்பாலான கார்களில் பின் டயருக்குக் கூடுதலாகப் போட்டிருக்கும். டயர் சூடாகும் முன், வீட்டுக்குப் பக்கத்து பங்க்கிலேயே காற்று பிடித்துவிடுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு பார்த்தால் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்குவதுதான் பலர் செய்யும் தவறு. டயர் ஆறியதும் அளவு அடியில் போய்விடும். அதோடு லோடும் சேர்ந்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, பைபாஸில் வெடிக்கும்.

ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள். இப்போது பல கார்களில் அது மற்ற நாலையும்விடச் சின்னது, 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது. சில சி.என்.ஜி. கார்களில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான். ஜாக்கி, வீல் ஸ்பேனர் எல்லாம் சூட்கேஸ்களுக்கு அடியில் மாட்டிக்கொள்ளாதபடி அடுக்குங்கள்.

ஃபாஸ்டேக்: 2025 ஆகஸ்ட் 15-ல் ரூ.3,000-க்கு வந்த வருட பாஸ் 200 தடவை அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அதுவரை. அது தேசிய நெடுஞ்சாலை டோலுக்கு மட்டும். ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) உத்தண்டி டோல் மாநில அரசுச் சாலை; பாஸ் இருந்தாலும் பேலன்ஸிலிருந்துதான் கழியும். பாஸ் இருக்கே என்று பேலன்ஸைக் காலியாக விட்டு வருகிறவர்கள் முதல் டோலிலேயே நிற்பார்கள். டேக் வேலை செய்யாவிட்டால் யு.பி.ஐ.க்கு ஒன்றேகால் மடங்கு.

புதுச்சேரியில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, டேங்க்கை அங்கே நிரப்பலாம். மது பாட்டிலை மட்டும் டிக்கியில் வைக்க வேண்டாம், எல்லையில் சோதனை உண்டு. புதுச்சேரி ஊருக்குள் இருக்கும் கடற்கரைச் சாலையில் மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள். ரூம் அந்தப் பக்கம் என்றால் ஆறுக்கு முன்பே பெட்டிகளை இறக்கிவிடுங்கள்.

மாசி வீதி:

ஸ்டெப்னி அண்ணே சொன்னதோடு ஒன்று: வாடகை வண்டி என்றால் மஞ்சள் போர்டுக்குப் புதுச்சேரிக்குள் நுழைய பர்மிட் தனி. அது வாடகையில் சேர்ந்ததா என்று முன்பே கேட்டுவிடுங்கள். டிரைவர் பேட்டா, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர், மீட்டர் ஷெட்டில் தொடங்குகிறதா வீட்டு வாசலிலா, இரவு ஓடினால் கூடுதலா: இந்த நாலும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வேண்டும். தானே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டியை யாராவது சல்லிசாகக் கொடுத்தால், விபத்து ஆனால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும்.

மதுரைக்கு வந்தால் காரை மாசி வீதிகளுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள். கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது. 2018 தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனும் கிடையாது. கூட்டத்தில் பிரிந்தால் கூப்பிட வழியில்லை, ஆகையால் உள்ளே போகும் முன்பே பொற்றாமரைக் குளத்துப் படி என்று ஓர் இடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோபுர வாசலில் போனைக் கொடுத்தீர்களோ அங்கேதான் திரும்பக் கிடைக்கும். வேறு வாசலில் வெளியே வந்தால் வெறுங்காலோடு கோயிலைச் சுற்ற வேண்டும்.

திருச்சி மலைக்கோட்டை 400 படிக்கு மேல். முட்டி வலி உள்ளவர்களை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போங்கள், போதும்.

மண்டபம்:

ஆறு நாளில் ராமேஸ்வரத்தையும் சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. மதுரையிலிருந்து 170 கி.மீ., போகவர ஒரு நாள் சாலையிலேயே போகும். எட்டு நாள் இருந்தால் வாருங்கள். அமாவாசையைத் தவிருங்கள், ஆடி, தை அமாவாசை என்றால் கட்டாயம்.

பாம்பன் சாலைப் பாலத்தில் காரை நிறுத்தக்கூடாது. 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் அதிலிருந்தே தெரியும், ஓட்டுகிறவரைத் தவிர மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம். 22 தீர்த்தமும் ஆடிய ஈரத்துணியோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள். மாற்றுத்துணியைக் காரில் விட்டுவிட்டு வந்தால் நனைந்தபடி தெருவில் நடக்க வேண்டும், தோளில் ஒரு பை போதும்.

அரிச்சல்முனைக்கு ஊரிலிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. தார்ச்சாலை. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் சர்ச் சுவர்கள் வழியிலேயே இருக்கின்றன. மாலையில் செக்போஸ்ட்டை மூடிவிடுவார்கள், மூன்று மணிக்குள் கிளம்புங்கள். ஓரத்து மணலில் டயரை இறக்காதீர்கள். புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். எல்லோரும் இறங்கி, டயருக்கு முன் இருக்கும் மணலை வாரி எடுத்துவிட்டு, ஃப்ளோர் மேட்டைக் கொடுத்து இரண்டாவது கியரில் மெதுவாக எடுக்க வேண்டும்.

கொள்ளிடக்கரை:

மண்டபத்தார் சொல்வது சரி, ஆறு நாள் என்றால் மதுரையோடு திரும்பலாம். ஒன்று விட்டுப்போனது: தை, மாசியில் சம்பா அறுவடை சமயம் டெல்டாவின் உள்சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அது நகராமலிருக்க ஓரத்தில் பாறாங்கல் வைத்திருப்பார்கள். இரவில் ஹெட்லைட்டுக்குக் கல் கடைசி நொடியில்தான் தெரியும். அந்த மாதங்களில் இருட்டிய பின் குறுக்குவழி காட்டினாலும் மெயின் ரோட்டிலேயே வாருங்கள்.