பத்து வருஷம் ஆன பிரெஞ்சு சிவப்பு ஒயின்: கும்பகோணம் வெயிலில் எப்படி வைப்பது, எப்படிக் குடிப்பது?

குடந்தைவாசி (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். பாரிஸில் இருக்கும் எங்கள் அத்தான் (அக்கா வீட்டுக்காரர், பூர்வீகம் காரைக்கால்) போன மாதம் ஊருக்கு வந்தபோது எனக்கென்று ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். "கண்ட நேரத்துல திறந்துடாதீங்க மச்சான், நல்ல நாளாப் பார்த்துத் திறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். லேபிளில் சேந்த் எமிலியோன் கிராண்ட் க்ரூ, 2015, ஆல்கஹால் 14 சதவீதம் என்று போட்டிருக்கிறது.

தை மாதம் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். அத்தானும் வருகிறார். விசேஷம் முடிந்த மறுநாள் ராத்திரி வீட்டுப் பெரியவர்கள் நாலு பேர் மட்டும் உட்கார்ந்து அதைத் திறக்கலாம் என்று ஆசை. ஆனால் இப்போதுதான் சித்திரை. இங்கே வெயில் எப்படி அடிக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அதைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். தை வரை தாங்குமா? ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டுவிடுமா? வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் கறுப்பாகக் கொஞ்சம் பொடி தெரிகிறது. அது கெட்டுப்போனதற்கு அடையாளமா?

இன்னொன்று. நான் எப்போதாவது ஒரு பீர் குடிப்பதோடு சரி. இந்தப் பாட்டில் நாற்பது யூரோ என்று அக்கா சொன்னாள். கம்பம் திராட்சையில் போடும் ஒயினை விட இதில் அப்படி என்ன இருக்கிறது? நிஜமாகவே தெரிந்துகொண்டு குடிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு என்ன சமைக்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரியகோவில் தெரு (தஞ்சாவூர்)

இதைப் படித்த கையோடு பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். தளத்துச் சூடு மொத்தமும் இறங்குகிற இடம் அது. ஃப்ரிட்ஜில் அடியில் காய்கறி வைக்கும் தட்டில் படுக்க வைத்தால் தை வரை ஒன்றும் ஆகாது.

நான் பெங்களூர் போகும்போது நந்தி மலைப் பக்கம் விளையும் குரோவர் லா ரிசர்வ் வாங்கிக் குடிப்பேன். மிஷேல் ரோலாந்து என்ற பிரெஞ்சு நிபுணர் 1990களில் ஆலோசகராக வந்த பிறகு பேர் வாங்கிய நிறுவனம் அது. அவர் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த தோட்டம் பொமெரோலில், உங்கள் பாட்டில் வந்த சேந்த் எமிலியோன் ஊருக்குப் பக்கத்து ஊர். நம் நாட்டு ஒயினில் எனக்குப் பிடித்தது அதுதான். பத்து வருஷம் ஆன பிரெஞ்சு ஒயின் நான் குடித்ததில்லை. அரசலாற்றங்கரை ஐயா அந்த ஊரிலேயே வேலை பார்த்தவர். அவர் வந்து சொல்லட்டும்.

அரசலாற்றங்கரை (காரைக்கால்)

தம்பி, நல்ல பாட்டில் கிடைத்திருக்கிறது. உங்கள் அத்தான் விவரம் தெரிந்தவர்.

சேந்த் எமிலியோனில் ஒரு உணவகத்தில் பல வருஷம் இருந்தேன். முதலில் பாத்திரம் கழுவினேன், அப்புறம் பரிமாறினேன், கடைசியில் ஒயின் கிடங்குச் சாவி என் இடுப்பில்தான் தொங்கும். அந்த ஊர் சுண்ணாம்புக்கல் மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வீடு கட்டக் கல் வெட்டி வெட்டி ஊருக்கு அடியில் முழுக்கக் குகை. பாறையைக் குடைந்தே ஒரு பெரிய தேவாலயம் எழுப்பியிருக்கிறார்கள். ஒயின் பாட்டில்களும் அந்தக் குகைகளில்தான் தூங்கும். வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தினாலும் உள்ளே போனால் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை வேண்டும். 1999-ல் அந்த ஊரையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. "கிராண்ட் க்ரூ" வேறு, "கிராண்ட் க்ரூ கிளாசே" வேறு. முதலாவது, விதிப்படி செய்த அந்தப் பகுதி ஒயின் போட்டுக்கொள்ளும் பெயர். இரண்டாவது, தோட்டங்களைத் தேர்ந்தெடுத்து வைக்கும், 1955-ல் தொடங்கிய தரவரிசை. ஏறத்தாழ பத்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள், கடைசியாக 2022-ல் திருத்தினார்கள். ஷெவால் பிளான், ஒசோன் மாதிரி உச்சியில் இருந்த தோட்டக்காரர்களே அதில் கலந்துகொள்ளாமல் விலகிவிட்டார்கள். அதனால் உங்கள் பாட்டிலில் கிளாசே என்று இல்லாவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை. 2015 அங்கே நல்ல வருஷம். கோடை முதல் பாதி நல்ல வெயில், ஆகஸ்டில் வேண்டிய அளவு மழை, அறுவடை சமயத்தில் வானம் தெளிவு.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். அந்த ஊர் ஒயினில் பெரும்பங்கு மெர்லோ என்ற திராட்சை, கூடவே கபர்நே ஃப்ரான். களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த ஈரமான குளிர்ந்த மண் மெர்லோவுக்குப் பிடிக்கும். நாம் சாப்பிடும் திராட்சையை விடப் பழம் சின்னது, தோல் கெட்டி. சாறு மட்டும் எடுத்தால் அதில் நிறமே இருக்காது. தோலோடும் கொட்டையோடும் வாரக்கணக்கில் ஊறினால்தான் அந்தச் சிவப்பும் துவர்ப்பும் இறங்கும்.

நம் வாய்க்கால் கரை நாவல்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பழுத்ததைக் கடித்தால் முதலில் இனிப்பு, உடனே ஒரு புளிப்பு, அப்புறம் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. நல்ல சிவப்பு ஒயினும் அந்த வரிசையில்தான் வாய்க்குள் வரும், இனிப்பு மட்டும் கிடையாது. சர்க்கரை எல்லாம் நொதித்து ஆல்கஹாலாகிவிட்டது. பழத்தின் வாசனை மட்டும் நின்றுவிட்டது. புளிப்பு அதைத் தூக்கி நிறுத்தும். துவர்ப்பு நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் ஈறெல்லாம் காய்ந்த மாதிரி இருக்கும். விலை குறைந்த ஒயினில் இந்த மூன்றும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். நல்லதில் எது எங்கே முடிந்தது என்றே தெரியாது, விழுங்கின பிறகும் வாசனை மூக்கில் நின்றுகொண்டே இருக்கும்.

புதுசாக இருக்கும்போது இதே ஒயின் முரடு. ஓக் பீப்பாயில் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கிடக்கும்போது மரத்தின் வழியாக மெல்லக் காற்று பட்டு அந்த முரட்டுத்தனம் தணிகிறது. மரத்திலிருந்து வெனிலா, கிராம்பு வாசனையும் ஏறுகிறது. ஒரு பீப்பாய் 225 லிட்டர், அதில் முந்நூறு பாட்டில் வரும். புதுப் பீப்பாய் ஒன்று எண்ணூறு, ஆயிரம் யூரோ ஆகும். விலையில் அதற்கும் பங்கு உண்டு.

பாட்டிலுக்குள் வந்த பிறகும் மாற்றம் நிற்காது. துவர்ப்பும் நிறமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் தங்கும். நீங்கள் பார்த்த பொடி அதுதான். வயதுக்கு வந்த ஒயின் என்பதற்கு அடையாளம், கெடுதல் எதுவும் இல்லை. வாசனையும் மாறிவிடும். பழவாசனை பின்னுக்குப் போய், பதனிட்ட தோல், புகையிலை, காளான், மழை பெய்த தோட்டத்து மண் என்று ஒவ்வொன்றாக எழும்பும். இதற்காகத்தான் மனுஷன் பத்து வருஷம் காத்திருக்கிறான். எனக்குக் கேட்டால், இளம் ஒயினில் எவ்வளவு விலை கொடுத்தாலும் இது கிடைக்காது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. தஞ்சாவூர்க்காரர் சொன்னபடி காய்கறித் தட்டில் படுக்க வையுங்கள். படுத்திருந்தால்தான் தக்கை காயாது. வருஷக்கணக்கில் என்றால் ஃப்ரிட்ஜ் சரிப்படாது, ஒன்பது மாதத்துக்குப் பாதகமில்லை. இப்போதே ஒருமுறை தக்கையைத் தடவிப் பாருங்கள். மேலே எழும்பியிருந்தாலோ கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ பரண் சூட்டில் அடிபட்டிருக்கிறது. அப்படியானால் தை வரை வைக்காமல் சீக்கிரமே திறந்துவிடுங்கள்.

திறப்பதற்கு முதல் நாள் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே நிமிர்த்தி வையுங்கள், பொடி அடியில் இறங்கட்டும். அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அந்த ஊர்க் கல்வீட்டு அறைக்குச் சொன்னது. பதினாறிலிருந்து பதினெட்டு டிகிரி. தை மாதத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வெளியே வைத்தால் சரியாக இருக்கும். பழைய தக்கை உதிரும், தக்கைத் திருகியை நேராக இறக்கி மெதுவாக இழுங்கள். அப்புறம் சுத்தமான கண்ணாடி ஜாடியில் ஒரே சீராகச் சாய்த்து ஊற்றுங்கள். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் செல்போன் டார்ச்சை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நாங்கள் மெழுகுவர்த்தி வைப்போம். தெளிவாக வந்துகொண்டிருக்கும் திரவத்தில் புகை மாதிரி ஒரு இழை கழுத்தை நோக்கி வருவது தெரியும். அங்கே நிறுத்திவிடுங்கள். மிச்சம் ரெண்டு மடக்குதான் இருக்கும், அதை ஆசைப்பட்டு ஊற்ற வேண்டாம்.

வயிறு அகலமான மெல்லிய கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வாசனை சேர இடம் வேண்டும். உங்கள் ஊர்ப் பித்தளை, செம்பு டம்ளர் எதுவும் வேண்டாம், புளிப்பு பட்டால் உலோகம் இறங்கும். ஊற்றியவுடன் ஒரு வாய், அரை மணி கழித்து ஒரு வாய், ஒரு மணி கழித்து ஒரு வாய் என்று குடியுங்கள். மூன்றும் மூன்று விதமாக இருக்கும்.

சாப்பாடு: ஆட்டுக்கறிதான். கொழுப்போடு இருக்கும் தொடைக்கறியை மிளகும் சோம்பும் போட்டுச் சுக்காவாக வறட்டுங்கள், மிளகாய்த்தூள் பக்கம் போகாதீர்கள். காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரிவதுதான் மிஞ்சும். கொழுப்பும் கறியும் துவர்ப்பைத் தணித்துவிடும். கோலா உருண்டையும் நன்றாகப் போகும். மீன் வேண்டாம். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்பும் மீன் கொழுப்பும் சேர்ந்தால் கவுச்சி தூக்கிக்கொண்டு வரும். அந்த ஊரில் ஒரே ஒரு விலக்கு பார்த்திருக்கிறேன். விலாங்கு மாதிரி நீளமாக இருக்கும் லாம்ப்ரேயை அதன் ரத்தத்தோடு சிவப்பு ஒயினிலேயே மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். அது மீன் குழம்பு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், கறிக்குழம்பு ருசி.

வெண்ணாற்றுப் பாசனம் (மன்னார்குடி பக்கம்)

ஐயா, நான் குடிக்கிற ஆள் இல்லை, விவசாயி. கம்பத்தில் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு இருக்கிறது. அங்கே எத்தனை அறுப்பு? தண்ணீர் எப்படிப் பாய்ச்சுகிறார்கள்?

அரசலாற்றங்கரை (காரைக்கால்)

வருஷத்துக்கு ஒரே அறுப்பு தம்பி, செப்டம்பர், அக்டோபர் வாக்கில். குளிர்காலம் முழுக்கக் கொடி இலையில்லாமல் தூங்கும். நாம் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர்கள் காய்க்கும் கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதே வழக்கமில்லை. தாகம் எடுத்தால்தான் வேர் பாறை இடுக்கு வரை இறங்கும், பழம் சின்னதாகச் சாரம் கூடி நிற்கும். போதாதற்கு ஜூலையில் கத்தரியோடு வந்து நன்றாக இருக்கும் பச்சைக் குலைகளையே வெட்டிக் கீழே போடுவார்கள். மிச்சக் குலைக்குச் சத்து சேரட்டும் என்று. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் அப்பா களத்தில் சிந்திய நெல்லைக் குனிந்து பொறுக்கின மனுஷன். விலை உயர்ந்த ஒயினுக்கு நாம் கொடுக்கும் காசில் பாதி, அவர்கள் வேண்டாம் என்று தரையில் போட்ட விளைச்சலுக்கு என்றே நினைக்கிறேன்.

கஷ்டமும் உண்டு. 1956 பிப்ரவரி உறைபனியில் அந்தப் பக்கம் கொடிகள் வேரோடு செத்துப்போயின. ஊர்க் கிழவர்கள் அதைச் சொல்லும்போது, கஜா புயலுக்குப் பிறகு நம் ஆட்கள் தென்னையைப் பற்றிப் பேசியது மாதிரியேதான் இருக்கும். மறுபடி நட்டு, மூன்றாம் வருஷம் காய்த்தாலும், பெரிய ஒயினுக்குத் தோதான பழம் வர இன்னும் பல வருஷம் ஆகும்.

குடந்தைவாசி (கும்பகோணம்)

ஐயா, ரொம்ப நன்றி. பாட்டிலை இறக்கிவிட்டேன். தக்கை சமமாக இருக்கிறது, பிசுபிசுப்பு இல்லை. இப்போது காய்கறித் தட்டில் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. இரண்டு சந்தேகம். அக்கா சைவம், அவளுக்கும் ஒரு வாய் கொடுக்கலாமா? அப்புறம், நாலு பேருக்கு இது போதாது என்று தோன்றுகிறது. காரைக்காலில் இன்னொன்று வாங்கிவிடலாமா?

அரசலாற்றங்கரை (காரைக்கால்)

சைவம் என்றால் கேட்டுக் கொடுப்பது நல்லது. அங்கே பழைய முறைப்படி பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கரு ஊற்றுவார்கள். கிண்ணத்தில் ஒரு சிட்டிகை உப்போடு நுரை கட்டாமல் அடித்து, பீப்பாய் வாயில் ஊற்றி, நீளக் கம்பியால் கலக்கிவிடுவார்கள். முரட்டுத் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அது சில வாரத்தில் அடியில் இறங்கிவிடும், மேலே தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். எல்லாத் தோட்டத்திலும் இப்படி இல்லை. அத்தானிடம் சொல்லித் தோட்டத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள், பதில் போடுவார்கள். அக்கா குடிப்பதானால் எண்ணெயில் வதக்கிய காளானும் கத்தரிக்காயும் தனியாகச் செய்து வையுங்கள், புளி சேர்க்காமல்.

காரைக்காலில் வாங்கி உங்கள் ஊருக்கு எடுத்துப் போக வேண்டாம். எல்லை தாண்டினால் சோதனைச் சாவடியில் வழக்காகிவிடும், விசேஷ வீட்டில் அது எதற்கு? வெளிநாட்டிலிருந்து வருகிறவர் விமானத்தில் இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம். தைக்கு வரும்போது இதே தோட்டத்து 2020 ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள், கிடைப்பது சுலபம். அன்றைக்கு இளசை முதலில் ஊற்றுங்கள், அது தீருவதற்குள் 2015-ஐப் பக்கத்துக் கோப்பையில் ஊற்றி இரண்டையும் மாறி மாறி முகர்ந்து பாருங்கள். வெள்ளைத் துணி மேல் கோப்பையைச் சாய்த்தால் பழையதன் ஓரம் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருப்பதும் தெரியும்.