தோட்டத்து வீடு குழு: ஞாயித்துக்கிழமைக் கோழி

சுமதி: தட்டுல இருக்கறதும் களத்துல மேயறதும் ஒரே கோழியான்னு சின்னவன் கேக்கறான். ஆறு வயசு. என்னன்னு சொல்றதுங்க?

பெரியம்மா: ஆமான்னு சொல்லு கண்ணு. கோழிய அறுத்துத்தான் கறின்னு ஒரே வார்த்தை போதும். பறந்து போயிருச்சுன்னு பொய் சொல்லீராத. பின்னால தெரிஞ்சா கறியவே தொட மாட்டான்.

மாமா: அறுக்கறதக் காட்ட வேண்டாம். சுத்தம் பண்றப்பப் பக்கத்துல உக்கார வைங்க. இறகு பிடுங்கக் கை பொறுக்காத சூடு தண்ணி போதும், தளதளன்னு கொதிக்கறதுல முக்கினா தோலும் சேந்து உரிஞ்சிரும். அப்பறம் தீயில வாட்டி மஞ்சத்தூள் தேச்சுக் கழுவோணும்.

அத்தை: முட்டையிடற பெட்டைன்னா வயித்துக்குள்ள திராட்சைக் கொத்தாட்டம் மஞ்சக்கரு இருக்கும், கடுகளவுல இருந்து முழுக்கரு வரைக்கும். அதக் கையில குடுத்துப் பாக்கச் சொல்லுங்க. தீனி அரைக்கற பையையும் ரெண்டா வெட்டிக் காட்டுங்க. கோழிக்குப் பல்லு இல்ல, உள்ள கிடக்கற பொடிக்கல்லுதான் அரைக்குது. அந்தப் பைக்குள்ள ஒட்டியிருக்கற மஞ்சத் தோல உரிச்செறிஞ்சுட்டுத்தான் சமைக்கோணும்.

மாமா: ஈரல்ல ஒட்டியிருக்கற பச்சைப் பித்தப்பை பத்திரம்! ஒடஞ்சா ஈரலே கசந்துரும். கொஞ்சம் ஈரலோட சேத்தே அறுத்தெடுங்க. தொட்டுப் பாத்த பையனுக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவி விடுங்க.

சுமதி: கடை முட்டைய அடை வெச்சா குஞ்சு வருமாங்க?

மாமா: வராது. நாமக்கல் பண்ணையில பெட்டைக மட்டும்தான், சேவல் சேராத முட்டை. சேவலோட திரியற நாட்டுக்கோழி முட்டைன்னா 21 நாள்ல பொரியும். பிராய்லர் ஆறே வாரத்துல 2 கிலோ வந்துரும். நாட்டுக்கோழி அஞ்சாறு மாசம் மேஞ்சு திரியுது, அதான் கறி கெட்டி.

சுமதி: எல்லாஞ் சரி, சாஸ் இல்லாமத் திங்க மாட்டேங்கறான்.

பெரியம்மா: பள்ளிபாளையம் சிக்கன் பண்ணு. எலும்போட பொடிசா வெட்டுன பிராய்லர் ஒரு கிலோ, சின்ன வெங்காயம் கால் கிலோ, வரமொளகா 15, ஒரு கைப்பிடி தேங்காப் பல்லு. மொளகாயக் கிள்ளி வெதைய உதறிரு, காரம் கொறையும். எண்ணெயில மெதுவா வதக்கு, கருகுனா கசக்கும். தக்காளி, மசாலாத்தூள் எதுவும் வேண்டாம். தண்ணியும் ஊத்தாத, கறி விடற தண்ணியே போதும். அது சுண்டுனப்பறம் தேங்காயப் போட்டுப் பெரட்டு. மொளகாயப் பொறுக்கி வெச்சுட்டா அவனும் திம்பான்.

அத்தை: சாஸுக்குப் பதிலாத் தக்காளித் தொக்கு வெச்சுக் குடுங்க. நாட்டுத் தக்காளி ஒரு கிலோ, நல்லெண்ணெய் 150 மில்லி, மொளகாத்தூள் ஒரே ஸ்பூன், வறுத்த வெந்தயப்பொடி அரை ஸ்பூன், உப்பு, எலுமிச்சையளவு வெல்லம். வெந்தயம் கூடுனா கசப்பேறிரும். எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல நிக்கற வரைக்கும் கிண்டோணும். எல்லாரும் அவசரப்பட்டு எறக்கறது அங்கதான், தண்ணி நின்னா நாலு நாள்ல பூசணம்.

சுமதி: சரிங்கத்தை. தக்காளி வாங்கிட்டு வரச் சொல்லிட்டேன்.

அத்தை: பழுத்ததாப் பாத்து வாங்கச் சொல்லு. ஈரக் கரண்டி மட்டும் உள்ள போடாத.