அம்மாவுக்காகக் குளியலறையை மாற்ற கவுன்சில் உதவி கிடைக்குமா? (லண்டன்)

ஹரோ மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 74 வயது. போன கார்த்திகையில் பக்கவாதம் வந்ததில் இருந்து இடது கால் இழுக்கிறது. எங்கள் வீட்டில் குளியலறை, டொய்லெட் இரண்டுமே மேலே, 13 படி. அம்மா கீழ்ப்படியில் உட்கார்ந்து, வலது கையை ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக உந்தி உந்திப் போவார், மேலே போனபிறகு எழும்ப முடியாமல் என்னைக் கூப்பிடுவார். நான் வேலைக்குப் போகிற நாட்களில், டொய்லெட்டுக்குப் போக வேண்டி வருமே என்று காலையில் இருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரியும்.

வீடு என் பெயரிலும் கணவர் பெயரிலும் இருக்கிறது, இரண்டு பேரும் வேலை. அம்மாவுக்கு ஸ்டேட் பென்ஷனும், வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தருகிற பென்ஷன் கிரெடிட்டும்தான். இரண்டு சம்பளம் வருகிற வீட்டுக்குக் கவுன்சில் ஒன்றும் தராது என்கிறார்கள். கீழே ஷவரும் டொய்லெட்டும் போட ஒரு பில்டர் 14,000 பவுண் கேட்கிறார், அடுத்த கிழமையே தொடங்கலாமாம். கடன் எடுத்துத் தொடங்கட்டுமா?

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
தங்கச்சி, தயவுசெய்து தொடங்க வேண்டாம். அனுமதிக் கடிதம் வரமுதல் தொடங்கிய வேலைக்குப் பொதுவாகக் காசு தரமாட்டார்கள், நான் அப்படித்தான் அப்பாவுக்காகக் கட்டிய றாம்ப் (சரிவுப்பாதை) காசை இழந்தேன்.

நீங்கள் கேட்க வேண்டியது டிசேபிள்ட் ஃபசிலிட்டீஸ் கிரான்ட், அதாவது மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற மாதிரி வீட்டை மாற்றக் கவுன்சில் தருகிற உதவிப்பணம். இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை உண்டு (வேல்ஸில் 36,000, ஸ்கொட்லாந்தில் இந்தத் திட்டமே இல்லை, அங்கே வேறு முறை). முக்கியமான விஷயம், வருமானமும் சேமிப்பும் பார்ப்பது மாற்றுத்திறனாளிக்கும் அவருடைய துணைக்கும் மட்டும்தான். வீடு உங்கள் பெயரில் இருந்தாலும் உங்கள் சம்பளம் கணக்கில் வராது. அம்மாவுக்கு வருவது பென்ஷன் கிரெடிட்டில் கேரன்டி பகுதி என்றால் அவர் பங்காக ஒன்றும் கட்டத் தேவையில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு என்றால் இங்கிலாந்தில் வருமானமே பார்ப்பதில்லை, இதை வாசிக்கிற பெற்றோரும் கவனியுங்கள்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு கையெழுத்து வையுங்கள். கிரான்ட் 5,000 பவுணுக்கு மேல் போனால், 10 வருடத்துக்குள் வீட்டை விற்கும்போது 10,000 வரை கவுன்சில் திருப்பிக் கேட்க இடமிருக்கிறது.

பராமரிப்பு வேலை செய்பவள்:
முதலில் கவுன்சிலின் அடல்ட் சோஷியல் கெயாருக்கு (பெரியவர்களின் பராமரிப்பைப் பார்க்கிற பகுதி) போன் அடித்து ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய என்ன உதவி தேவை என்று பார்ப்பவர்) வேண்டும் என்று கேளுங்கள், அவர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதுவதை வைத்துத்தான் மற்றதெல்லாம் நகரும். காத்திருக்கும் காலம் நீளம், ஆனால் முழு விண்ணப்பம் கொடுத்தபிறகு 6 மாதத்துக்குள் கவுன்சில் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும், அது சட்டம். விண்ணப்பப் படிவமே தராமல் இழுத்தடித்தால் எழுத்தில் கேளுங்கள், ஒவ்வொரு போனுக்கும் திகதி குறித்து வையுங்கள்.

இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். எங்கள் அம்மாமார் ஆட்கள் வந்தால் நல்ல சாறி உடுத்து, தேத்தண்ணி ஊற்றி வைத்து, "ஐ ஆம் ஓகே" என்பார்கள். நான் போன வீடுகளில் எத்தனை தரம் பார்த்துவிட்டேன்! மானம்தான், புரிகிறது, ஆனால் தெரபிஸ்ட் எழுதிக்கொண்டு போவது அந்த ஓகேயைத்தான். அதனால் அன்றைக்கு நீங்கள் லீவு போட்டு நில்லுங்கள், அம்மா படியேறுவதை அவர் கண்ணால் பார்க்கட்டும், தண்ணீர் குடிக்காத கதையை நீங்களே சொல்லுங்கள். அப்புறம், அதுவரைக்கும் கீழே வைக்க ஒரு கொமோட் கதிரை (அடியில் டொய்லெட் பாத்திரம் உள்ள கதிரை) கேளுங்கள், கைபிடிக் கம்பியும் கேளுங்கள். 1,000 பவுணுக்கு உட்பட்ட சின்ன மாற்றங்களுக்கு இங்கிலாந்தில் காசு எடுக்கக்கூடாது.

குரோய்டன் ரவி:
எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் பாவனைக்காக இரண்டாவது குளியலறை வந்தால் கவுன்சில் டாக்ஸை (வீட்டு வரி) ஒரு பேண்ட், அதாவது ஒரு படி, குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், அதற்கும் வருமானம் பார்ப்பதில்லை. பராமரிப்புத் தேவைப்படும் முதியவர்களுக்கு அரசு தருகிற அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் அம்மா எடுக்கிறாரா? இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள்.

ஹரோ மகள்:
நன்றி என்று சொன்னால் போதாது. பில்டரை நிறுத்திவிட்டேன், கவுன்சிலுக்கும் அடித்துப் பதிந்தாயிற்று. கொமோட் கதிரை வியாழக்கிழமை வருகிறது. ஆனால் கீழே இருப்பது ஒரே அறை, அதில்தான் சாமிப்படங்கள். அந்த அறையில் அதை வைத்தால் தான் சாப்பிடவே மாட்டேன் என்று அம்மா அழுகிறார். யாராவது இதைச் சமாளித்தீர்களா?

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
எங்கள் வீட்டிலும் இதே அழுகைதான். சாமிப்படங்களைக் குசினியில் மேல் அலுமாரிக்கு மாற்றி, அப்பாவின் கையாலேயே விளக்கேற்ற வைத்தோம். பிறகு கதிரையைச் சுற்றித் தடித்த திரை கட்டினோம். இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், மூன்றாம் நாள் தானாகப் போனார். படத்தை அம்மாவிடமே கேட்டு மாற்றுங்கள், நீங்களாக எடுத்து வைக்காதீர்கள்.