சரிசெய்ய முடியாத பிடிஎஃப்பை எடுத்துவிடலாமா?

சர்வர்சாமி (திங்கள், இரவு 9.10)

ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தோட கணினி மையத்துல வேலை பாக்குறேன். எந்த ஊர்னு கேக்காதீங்க. இணையதளத்தைப் புதுசா மாத்துறோம். மாற்றுத்திறனாளிகள் உட்பட யார் வந்தாலும் பயன்படுத்துற மாதிரி இருக்கணும்னு மேலேருந்து கடிதம் வந்திருக்கு. புதுப் பக்கங்களைப் பத்திக் கவலை இல்ல. 2003லேருந்து குவிஞ்சு கிடக்குற பிடிஎஃப்தான் தலைவலி. பாதி ஸ்கேன் பண்ணின படம். மீதியில பெரும்பகுதி வானவில், பாமினின்னு, யூனிகோடுங்கிற பொது எழுத்துக் குறியீட்டுல சேராத பழைய எழுத்துரு.

இன்னிக்குக் கூட்டத்துல ஒருத்தர், "சரிபண்ண முடியாததை எல்லாம் தூக்கிடுங்க, இல்லாத கோப்பு மேல யாரும் வழக்குப் போட முடியாது"ன்னார். மத்தவங்க டீ குடிச்சுக்கிட்டே தலையாட்டிட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல, ஆனா எதிர்த்துப் பேச வாதமும் கையில இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள குறிப்பு எழுதிக் கொடுக்கணும். என்ன எழுதட்டும்?

வரிப்பணம் (திங்கள், இரவு 9.32)

கூட்டத்துல அவர் சொன்னது சரிதான். 2006ம் வருஷ அரியர் டைம்டேபிளை இப்ப யார் படிக்கப் போறா? கண்ணு தெரிஞ்சவனே திறக்க மாட்டான். எல்லாத்தையும் திருத்தணும்னா டெண்டர், கமிட்டி, கமிஷன்னு போகும். காசு யாருது? சம்பளம் போடவே இழுபறியா இருக்குற பல்கலைக்கழகங்கள் இருக்கு. தூக்கிப் போட்டுட்டு வேலையப் பாருங்க.

பழைய ஏடு (திங்கள், இரவு 10.45)

தூக்கிப் போடுவது எளிது, ஐயா. அதன் விலை என்னவென்று பெர்க்லியைக் கேளுங்கள்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் தன் வகுப்பறை விரிவுரைகளைப் பல ஆண்டுகளாக யூடியூபிலும் ஐடியூன்ஸிலும் இலவசமாக வைத்திருந்தது. உலகில் எந்த மூலையில் இருப்பவரும் கேட்கலாம். காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இருவர், அவற்றில் பலவற்றுக்கு எழுத்துவரி (பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வரி) இல்லை என்று முறையிட்டார்கள். அமெரிக்க அரசின் நீதித் துறை 2016 ஆகஸ்டில் பெர்க்லிக்குக் கடிதம் அனுப்பியது. 2017 மார்ச்சில் பெர்க்லி என்ன செய்தது? 20,000க்கும் மேற்பட்ட ஒலி, காணொளிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. வளாகத்தின் கடவுச்சொல் உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம் என்றாயிற்று. காது கேட்பவர்களுக்கும் இல்லை, கேளாதவர்களுக்கும் இல்லை.

சட்டத்தைக் காட்டி மிரட்டினால் இதுதான் விளையும். ஆகவே கோப்புகளை எடுக்கவும் கூடாது, எல்லாவற்றையும் திருத்து என்று நெருக்கவும் கூடாது. உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.

குறிஞ்சிமுனை (செவ்வாய், காலை 6.20)

பழைய ஏடு ஐயாவுக்கு வணக்கம். நான் பார்வையற்றவள். தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பெர்க்லி கதையை யார் சொன்னாலும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மீதியை நான் சொல்கிறேன்.

"எடுத்துவிடு" என்று நீதித் துறையின் கடிதம் சொல்லவில்லை. "சரிசெய்" என்றது. எடுப்பது என்பது பல்கலைக்கழகம் தானாக எடுத்த முடிவு. செலவைக் காரணம் காட்டியது, பதிவுகளைப் பிறர் திருடுகிறார்கள் என்றும் சொன்னது. ஆனால் பழி யார் மேல் விழுந்தது? முறையிட்ட அந்த இருவர் மேல். "உங்களால்தான் எல்லாருக்கும் போச்சு." இந்த வசனத்தை நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வருகிறோம். 2022 நவம்பரில் அதே பெர்க்லி அதே நீதித் துறையோடு நீதிமன்றம் வழியாக உடன்பாட்டுக்கு வந்து, இணைய உள்ளடக்கத்தைச் சரிசெய்ய ஒப்புக்கொண்டது. முடியாது என்றது ஐந்தாண்டில் முடியும் என்றானது. ஹார்வர்டும் எம்ஐடியும் 2015இல் வழக்கைச் சந்தித்தன, 2019, 2020இல் சமரசம் செய்துகொண்டன. அவை கடையைச் சாத்தவில்லை.

சர்வர்சாமி, உங்கள் கூட்டத்தில் பேசியவரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் "உள்ளது உள்ளபடி இருக்கட்டும்" என்பதையும் நான் ஏற்கவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த ஒரு சுற்றறிக்கையை என் ஸ்க்ரீன் ரீடர், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள், எப்படிப் படிக்கும் தெரியுமா? 'தமிழ்' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் கணினியில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அதைத்தான் படிக்கும். நான்கு பக்கம் இப்படியே கேட்டுப் பாருங்கள்.

வரிப்பணம் (செவ்வாய், காலை 8.05)

கஷ்டம் புரியுதும்மா. ஆனா யதார்த்தமா பேசுவோம். ஒரு பல்கலைக்கழகத்துல உங்கள மாதிரி எத்தனை பேர் இருப்பாங்க? ஒரு உதவி எண் கொடுத்தா போதாதா? போன் போட்டா ஒரு ஊழியர் படிச்சுச் சொல்லிடுவார். இல்லன்னா பக்கத்துல பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கலர் மாத்துறதுன்னு ஒரு பட்டன் வைக்கிறாங்களே, அதை வச்சுட்டா முடிஞ்சுது. விண்ணப்பத்துல உதவி வேணும்னா கூடப் படிக்கிற பொண்ணுங்க செய்ய மாட்டாங்களா? இதுக்கெல்லாம் அழுகையும் ஆர்ப்பாட்டமும் எதுக்கு?

மட்டுறுத்துநர் (செவ்வாய், காலை 8.30)

வரிப்பணம், கடைசி வரி வேண்டாம். ஆளை விட்டுக் கருத்தைப் பேசுங்க.

டெஸ்டர் திலகா (செவ்வாய், மதியம் 1.15)

சாப்பாட்டு இடைவேளைல எழுதுறேன், நீளமா போனா மன்னிக்கணும். இணையதளங்களை இந்தக் கோணத்துல சோதிக்கிறதுதான் என் தொழில்.

வரிப்பணம் சார், அந்த ஓர பட்டன் சமாசாரத்தை முதல்ல முடிச்சிடுறேன். அதை விக்கிற கம்பெனிகள் "ஒரு வரி நிரல் போட்டா உங்க தளம் விதிப்படி ஆயிடும்"னு சொல்லுவாங்க. அக்சஸிபின்னு ஒரு கம்பெனி அப்படித்தான் விளம்பரம் பண்ணிச்சு. அமெரிக்க வணிக ஆணையம் 2025ல அது மேல 10 லட்சம் டாலர் விதிச்சுது, காரணம் ஏமாத்து விளம்பரம். ஸ்கேன் படத்துக்குள்ள எழுத்தே இல்ல. பட்டன் எதைப் பெருசாக்கும்?

எத்தனை பேர்ங்கிற கணக்குக்கு வரேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில 4.5க்கு 1ங்கிற வேறுபாடு இருக்கணும்னு டபிள்யூசிஏஜி, அதாவது இணையதளம் எல்லாருக்கும் பயன்படணும்கிறதுக்கான உலக அளவிலான வழிகாட்டுதல், சொல்லுது. அது கண்ணு தெரியாதவங்களுக்கான விதி இல்ல, கண்ணு மங்கினவங்களுக்கானது. அதாவது உங்க பேராசிரியர்கள்ல பாதிப் பேர். கை நடுக்கம் இருக்குறவர் மவுஸ் இல்லாம விசைப்பலகையிலயே நகர முடியணும். காணொளியில எழுத்துவரி இருந்தா பஸ்ல போற பொண்ணு ஹெட்செட் இல்லாம பாடம் பார்க்கும். ஸ்கேன் பிடிஎஃப்பை செல்போன்ல விரிச்சு விரிச்சுப் படிக்கிற முதல் தலைமுறைப் பையனைக் கேளுங்க, அவனும் உங்களைத் திட்டுவான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். சர்வர்சாமி, ஒரு கேள்வி. உங்க சுற்றறிக்கை எல்லாம் எதுல அடிக்கிறாங்க? வேர்டுலதானே? அப்புறம் எப்படி அது படமாகுது?

சர்வர்சாமி (செவ்வாய், இரவு 9.50)

சரியான இடத்துல கை வச்சீங்க திலகா. வேர்டுலதான் அடிக்கிறாங்க. அப்புறம் பிரிண்ட் எடுத்து, பதிவாளர் பச்சை மையில கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, அதைத் திரும்ப ஸ்கேன் பண்ணி, கோணலா ஒரு பிடிஎஃப் எனக்கு வரும். மூலக் கோப்பைக் கொடுங்கன்னு கேட்டா, "கையெழுத்து இல்லாத அறிக்கை செல்லாது"ம்பாங்க. அவங்க பயத்துலயும் நியாயம் இருக்கு. மழை வந்தா போதும், தேர்வு ஒத்திவைப்புன்னு போலி சுற்றறிக்கை வாட்ஸ்அப்ல சுத்த ஆரம்பிச்சிடும். கையெழுத்துத்தான் அத்தாட்சிங்கிறாங்க.

எழுத்துருவும் அதே கதைதான். தமிழ்நாடு அரசு 2010லயே யூனிகோடுன்னு ஆணை போட்டாச்சு. ஆனா தட்டச்சுப் பயின்று வந்த அண்ணன்மார் கை இன்னும் வானவில்லைத்தான் தேடுது.

டெஸ்டர் திலகா (செவ்வாய், இரவு 10.20)

போலி சுற்றறிக்கையிலயும் கையெழுத்து இருக்குமே! வெட்டி ஒட்ட ரெண்டு நிமிஷம். அறிவிப்பு பல்கலைக்கழகத்தோட சொந்தத் தளத்துல இருக்குறதுதான் அத்தாட்சி. அறிவிப்பை வலைப்பக்கத்துல எழுத்தாவே போடுங்க. கீழ கையெழுத்துப் பிரதியை இணைப்பாக் கொடுங்க. இல்லன்னா டிஜிட்டல் கையொப்பம் இருக்கு. ஒரு பைசா செலவில்ல, ஒரு பழக்கத்தை மாத்தணும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. யூனிகோடுல அடிச்சு பிடிஎஃப் ஆக்கினாலும் தமிழுக்கு முழுசா விடிவு இல்ல. பல மென்பொருள்கள்ல அந்த பிடிஎஃப்லேருந்து எழுத்தை எடுத்தா கொம்பு முன்னாடி, உயிர்மெய் பின்னாடின்னு உடைஞ்சு வரும். அதனாலதான் வலைப்பக்கமே மேல்ங்கிறேன்.

வல்வை இளையவன் (புதன், காலை 4.40)

இஞ்ச கனடாவில, ஒன்டாரியோவில ஒரு கல்லூரியின்ர இணையப் பிரிவில இருக்கிறன். மாற்றுத்திறனாளிகளுக்கான இஞ்சத்தை 2005ம் ஆண்டுச் சட்டம் எங்களுக்கு ஒரு கோடு கீறித் தந்தது: 2012 ஜனவரி 1க்குப் பிறகு ஏத்தின உள்ளடக்கம் எல்லாம் 2021 ஜனவரிக்குள்ள விதிப்படி இருக்கவேணும். அதுக்கு முந்தினதை ஆரும் கேட்டால் வாசிக்கக்கூடிய மாதிரி மாத்திக் குடுக்கவேணும். அமெரிக்காவில 2024ல வந்த விதியிலயும் பழைய ஆவணக் காப்பகத்துக்கு விலக்கு இருக்கு. ஆனா அனுமதிக்கோ ஒரு சேவைக்கோ இப்பவும் பாவிக்கிற படிவம் எண்டால் எவ்வளவு பழசெண்டாலும் விலக்கு இல்லை. தம்பி சர்வர்சாமி, அழிக்கிறதா வைக்கிறதா எண்டு குழம்பாமல் முதலில கோட்டைக் கீறுங்கோ.

பழைய ஏடு (புதன், காலை 9.15)

இளையவன் சொல்வது ஏற்கத்தக்கது. என் அச்சம் வேறு. பழைய ஆய்வேடுகள், மலர்கள், கருத்தரங்கக் கட்டுரைகள் ஆகியவற்றை இயந்திரத்தைக் கொண்டு எழுத்தாக்கிப் போடுவோம் என்று அடுத்து யாரேனும் கிளம்புவார்கள். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான 'னை', 'லை', 'ணா' வடிவங்களைக் கண்டால் அந்த இயந்திரம் தடுமாறும். ஒற்று உதிரும், அடிக்குறிப்பு பாட்டுக்குள் புகும். ஒரு சங்கப் பாடலில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் பொருளே மாறிவிடும். பிழை மலிந்த பாடம் பல்கலைக்கழகத்தின் பெயரால் உலவுவதை விட, படமாகவே இருப்பது மேல்.

குறிஞ்சிமுனை (புதன், காலை 10.02)

ஐயா, யாருக்கு மேல்?

ஒரு ஆய்வேடு படமாக இருந்தால் எனக்கு அது வெள்ளைத்தாள். பிழையோடு எழுத்தாக இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கிடைக்கும். மீதிப் பத்தை நான் பார்த்துக்கொள்வேன். நானும் பாடவேறுபாடு படித்தவள்தான். பேச்சுக்குரலில் ஓர் அடி தளை தட்டினால் என் காதுக்குத் தெரியும். பார்வையுள்ள மாணவர் பிழையான மலிவுப் பதிப்பை வாங்கிப் படிக்கலாம், நான் மட்டும் திருத்திய செம்பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா? படத்தை எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்திலேயே எழுத்தையும் வைத்து, 'மெய்ப்புப் பார்க்கப்படாதது' என்று மேலே குறியுங்கள்.

இன்னொன்று. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் பழைய எழுத்துருக்களில் ஏற்றிய தமிழ் ஆய்வேடுகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் ஒரு சொல்லைக் கூகுளில் தேடினால் அவை அகப்படாது. உங்கள் மாணவர்கள் உழைத்து எழுதியதை மேற்கோள் காட்ட ஆளில்லாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய ஏடு (புதன், காலை 11.30)

'மெய்ப்புப் பார்க்கப்படாதது' என்ற குறிப்போடு என்றால் எனக்கு மறுப்பில்லை. அந்தக் குறிப்பு பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

வரிப்பணம் (புதன், இரவு 7.48)

எல்லாரும் நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா சட்டம் என்ன சொல்லுது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறினா முதல் தடவை அபராதம் 10,000 ரூபாய் வரைக்கும்தான். அதைக் கட்டிட்டுப் போறது டெண்டரை விட மலிவு. வழிகாட்டுதல், பரிந்துரைன்னு சொல்றதெல்லாம் வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்ல.

குறிஞ்சிமுனை (புதன், இரவு 8.30)

அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. அதே பிரிவில்தான் இருக்கிறது, அடுத்த வரியையும் படியுங்கள். "கட்டாயம் இல்லை" என்பதைத்தான் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உடைத்தது. அணுகல்தன்மை விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 15(1) விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது.

உதவி எண் கொடுத்தால் போதாதா என்று கேட்டீர்கள். அரசு, உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் எங்களுக்கு 5 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்லி அதே சட்டம் சொல்கிறது. அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கும் பக்கத்தின் கடைசியில் நெளிந்த எழுத்தில் ஒரு கேப்ட்சா, மனிதர்தானா என்று சோதிக்கும் படம். ஒலி வடிவம் கிடையாது. மாலை 6 மணிக்கு மேல் உதவி எண் எடுக்காது. பக்கத்து அறைத் தோழியிடம் என் கடவுச்சொல்லையும் மதிப்பெண்ணையும் சாதிச் சான்றிதழையும் கொடுத்துத்தான் நான் விண்ணப்பித்தேன். அவள் நல்லவள். ஆனாலும் என் மதிப்பெண்ணை என்னைவிட முதலில் இன்னொருத்தி பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

வரிப்பணம் (புதன், இரவு 9.05)

கேப்ட்சா விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். அது ஒரு நாள் வேலை, பண்ணலாம். பழைய கோப்புக்குக் காசு செலவு பண்றதுல என் கருத்து மாறல.

சர்வர்சாமி (வியாழன், இரவு 10.40)

குறிப்பு எழுதிட்டேன். எதையும் அழிக்கிறதில்ல. விண்ணப்பம், கட்டணம், முடிவு, இப்ப நடைமுறையில இருக்குற படிவம், இதெல்லாம் எவ்வளவு பழசா இருந்தாலும் முதல்ல. புது அறிவிப்பு எல்லாம் பக்கத்துலயே யூனிகோடுல. கையெழுத்துப் பிரதி இணைப்பா மட்டும். பழைய டைம்டேபிள் எல்லாம் காப்பகம்னு தனிப் பகுதிக்குப் போகும், யாராவது கேட்டா இத்தனை நாளுக்குள்ள எழுத்தாக்கிக் கொடுக்கணும்னு ஒரு வரி. எத்தனை நாள்ங்கிற இடத்தைக் காலியா விட்டிருக்கேன், பதிவாளர் நிரப்பட்டும். ஆய்வேடுகளுக்கு பழைய ஏடு ஐயா சொன்ன குறிப்போட எழுத்துப்பிரதி. அதுக்கு மட்டும் நிதி கேட்டிருக்கேன். கிடைக்காதுன்னுதான் நினைக்கிறேன்.

குறிஞ்சிமுனை (வியாழன், இரவு 10.52)

கேப்ட்சா?

சர்வர்சாமி (வியாழன், இரவு 11.05)

ஹால் டிக்கெட் பக்கத்துல இன்னிக்கு எடுத்தாச்சு. அதுக்குப் பதிலா செல்லுக்கு ஓடிபி. மறுமதிப்பீட்டுப் பக்கம் வெளி ஒப்பந்தக்காரர் கையில இருக்கு. ரெண்டு மெயில் போட்டாச்சு, பதில் இல்ல. நாளைக்கு நேர்ல போறேன்.