தொல்லியல் துறையும் கல்வெட்டு மைப்படியும்

கேள்வி: தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை எப்போது உருவானது? இன்னொன்று, கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றிப் படியெடுத்தால் எழுத்துக் குழிக்குள் மை இறங்கிவிடுகிறது. ஏன்?

பதில் 1: 1961-ல். ஆனால் மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத பழஞ்சின்னங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்தது 1966-ல் வந்த மாநிலச் சட்டம். கீழடி அகழாய்வையும் 2018 முதல் இத்துறையே நடத்துகிறது.

பதில் 2: தாள் ஈரமாக இருக்கும்போதே மை ஒற்றுகிறீர்கள். கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்புப் பூச்சு துளிகூட இருக்கக் கூடாது. நனைத்த தாளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையால் தட்டுங்கள். காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடத்தில் எழுத்தே விழாது. முக்கால் பங்கு காய்ந்ததும் மை ஒற்றுங்கள், மிக லேசாக. எழுத்து வெள்ளையாக, சுற்றிலும் கறுப்பாக வரும்.

பதில் 3: முழுக்கக் காய்ந்த பிறகே உரியுங்கள். மணல்வீச்சால், அதாவது மணலை வேகமாகப் பீய்ச்சி, கல்லைச் சுத்தம் செய்யவே வேண்டாம், எழுத்து தேய்ந்தால் போனதுதான்.