மேட்டூர் தொறந்தா கல்லணைக்கு மூணாம் நாளா நாலாம் நாளா? டெல்டாவ போன் மாத்திருச்சாம்!

கடைமடைக்காரன்:
நேத்துலேருந்து ஒரு வீடியோ சுத்துது, நம்ம குரூப்லயே நாலு பேரு போட்டுட்டாங்க. கூலிங்கிளாஸ் போட்ட ஒரு தம்பி வரப்புல நின்னுக்கிட்டு "முன்னாடியெல்லாம் டெல்டா விவசாயிக்கு ஒன்னுமே தெரியாது, இப்ப இன்டர்நெட் எல்லாத்தையும் மாத்திருச்சு, மேட்டூர் தொறந்த நிமிஷமே போன்ல தெரியுது, மூணாம் நாள் கல்லணைல தண்ணி, விதைய விட வேண்டியதுதான்"ங்குறாரு. ஒன்னுமே தெரியாதாம்ல! கல்லணைல பூ தூவுற போட்டோ எனக்கும்தான் ஒரு செகண்டுல வருது. அந்தத் தண்ணி கடைசியா பாயுற எங்க கடைமடை, தலைஞாயிறு பக்கம் வந்து சேர எத்தன நாளாவுதுனு அவர வந்து நின்னு பாக்கச் சொல்லுங்க. அப்புறம், மூணாம் நாள் இல்ல. நாலாம் நாள். அதுகூடத் தெரியாம வீடியோ.

குடந்தை குசும்பன்:
அண்ணே, காலங்காத்தாலயே காரம் ஜாஸ்தியா இருக்கே. ஆனா மூணாம் நாள்தான். 2025ல ஜூன் 12 மேட்டூர், 15 கல்லணை. கழிச்சுப் பாருங்க.

கடைமடைக்காரன்:
கழிக்கத் தெரியும் தம்பி. 2020, 2021, 2023 மூணு வருசமும் ஜூன் 12 மேட்டூர், கல்லணை 16. ஒரு வருசத்தப் புடிச்சுத் தொங்காதீங்க.

சிங்கப்பூர் சோழன்:
சார் மெயின் மேட்டர விட்டுட்டு நாள் எண்ணிக்கிட்டு இருக்கீங்க. நான் இங்கேருந்து டெய்லி எங்கப்பா வயல வீடியோ கால்ல பாக்குறேன். நாத்து மஞ்சளடிச்சா போட்டோ எடுத்து உரக்கடைக்காரருக்கு அனுப்புறோம், அவரு மருந்து சொல்றாரு, காசு ஜிபேல போயிடுது, அப்பா பஸ் ஏறி மன்னார்குடி போவ வேண்டியதில்ல. இது மாற்றம் இல்லையா? பை த வே 2022ல மே 24 மேட்டூர், மே 27 கல்லணை. மூணு.

கடைமடைக்காரன்:
வாங்க சோழரே, கடல் தாண்டி வந்துட்டீங்க. வீடியோ கால்ல வயலப் பாக்குறவரு, நடவுக்கு சேடை ஓட்டி, அதான் தண்ணி கட்டி உழுது, சேத்துல நிக்கிறவனுக்கு மாற்றம்னா என்னனு பாடம் எடுக்குறாரு. நான் போன் வேணாம்னு எங்கயாவது சொன்னேனா, நானும்தான் காலைல எந்திரிச்சதும் மேட்டூர் எத்தன அடினு பாக்குறேன், ஆனா "ஒன்னுமே தெரியாது"ன்னான் பாருங்க அங்கதான் எரியுது. 60கள்ல திருச்சி ரேடியோல சொல்லிச் சொல்லியே ஆடுதுறை 27 தஞ்சாவூர் ஜில்லா பூரா பரவி, ஜனங்க அதுக்கு ரேடியோ நெல்லுன்னே பேரு வச்சாங்க. உங்க வாட்ஸப் பேர்ல எதாவது நெல்லு இருக்கா? ஆத்துல தண்ணி எங்க வருதுன்னு வாய்க்கால் தண்ணியப் பாத்துக்குற பொதுப்பணித்துறை ஆளு, லஸ்கர், சைக்கிள்ல வந்து சொல்லிட்டுப் போவாரு, சட்ரஸ்ல, அதான் ஆத்து மதகுல, எத்தன பலகை தூக்கியிருக்குங்குறது வரைக்கும் தெரியும். மே மாசம் தொறந்ததெல்லாம் கணக்குல வராது.

குடந்தை குசும்பன்:
ஏன் வராது?? மே மாசம் தண்ணி வேகமா ஓடுமா?

வெண்ணாத்தங்கரை:
ரேடியோ நெல்லு கதைய நானும் கேட்டிருக்கேன் அண்ணே. அந்த ரேடியோ ஊர்ல யார் வீட்டுல இருந்துச்சு? பண்ணை வீட்டுத் திண்ணைல. எங்க ஆயா கூலிக்கு நடவு நட்டவங்க, அந்தத் திண்ணை கிட்டக்கூடப் போவ முடியாது. இன்னிக்கு எங்கம்மா நூறு நாள் வேலைக் காசு ஏறிடுச்சான்னு அவங்க போன்லயே பாத்துக்குறாங்க, யாருகிட்டயும் கைகட்டிக் கேக்கல. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு, சரி. எங்களுக்கு?

கடைமடைக்காரன்:
தங்கச்சி, நான் திண்ணையப் பத்திப் பேச வரல. தண்ணியப் பத்திப் பேசுறேன். கல்லணைக்கு மேல இருக்குற முக்கொம்பு அணைக்கு மூணாம் நாள், கல்லணைக்கு நாலாம் நாள்.

வெண்ணாத்தங்கரை:
அதானே. திண்ணைன்னா பேச மாட்டீங்க.

குடந்தை குசும்பன்:
இப்ப முக்கொம்பு எங்கேருந்து வந்துச்சு? 2024 சொல்லவா? ஜூன் 12 தொறக்கவே இல்ல, ஜூலை 28 தொறந்து 31 கல்லணை. மூணு மூணு மூணு.

கடைமடைக்காரன்:
அது கர்நாடகாவுலேருந்து வந்த வெள்ளத் தண்ணி. அணை நெறயற நேரத்துல தொறந்தது. வேகமாத்தான் வரும். ஜூன் மாசம் காஞ்ச ஆத்துல விட்டா மணல் குடிச்சு மிச்சம்தான் கீழ வரும், அது நாலு நாள். கும்மோணத்துல டிகிரி காப்பி குடிச்சுக்கிட்டு ஆத்தப் பாத்தா இதெல்லாம் புரியாது.

குடந்தை குசும்பன்:
காப்பிய இழுக்காதீங்க. உங்கூர்ல கிடைக்காததுக்கு நாங்க என்ன பண்றது.

மன்னார்குடி மாப்ள:
தொறந்த நாளச் சேத்து எண்றதா விட்டு எண்றதா? தண்ணி வந்து முட்டுறதா, மதகு தொறக்குறதா? அத மொதல்ல முடிவு பண்ணிட்டு சண்ட போடுங்களேன்

சிங்கப்பூர் சோழன்:
கஜா புயல் அப்ப நடந்ததுக்கு என்ன சார் சொல்வீங்க? 2018 நவம்பர்ல நாங்க இங்க ராத்திரி பூரா முழிச்சு, வாட்ஸப்ல குரூப் ஆரம்பிச்சு, எந்த ஊருக்கு அரிசி வேணும் எந்த ஊருக்கு மெழுகுவத்தி வேணும்னு லிஸ்ட் எடுத்து லாரி அனுப்புனோம். இன்டர்நெட் இல்லாட்டி வேதாரண்யம் பக்கம் யாரு திரும்பிப் பாத்திருப்பா?

கடைமடைக்காரன்:
அனுப்புனீங்க, இல்லேங்கல. ஆனா இங்க டவரே சாஞ்சு கெடக்கு, கரண்ட் இல்ல, போன் செங்கல்லு. குரூப்ல ஊர் பேர் போட்டவன் எல்லாம் வெளியூர்ல இருந்தவன். பாதி லாரி மெயின்ரோட்லயே காலியாயிடுச்சு, உள்ள இருந்த எங்களுக்கு தென்னைமரத்த வெட்டி வழி பண்ணினது பக்கத்துத் தெரு பயலுவதான், அவனுவளுக்கு எந்த குரூப்பும் சொல்லல. லிஸ்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது, நம்ம வாய்க்கால் தூர்வார வசூல் பண்ணீங்களே சோழரே, அந்தக் கணக்கு இன்னும் வரல.

சிங்கப்பூர் சோழன்:
அந்தக் கணக்கு பிடிஎஃப்பா போட்டாச்சு. மேல ஸ்க்ரோல் பண்ணுங்க. படிக்காம பேசுறதே உங்களுக்கு வழக்கமாப் போச்சு.

கடைமடைக்காரன்:
ஜேசிபி வாடகைன்னு ஒரே வரி. எத்தன மணி நேரம்? டீசல் தனியா? அதுக்குப் பேரு கணக்கா?

வெண்ணாத்தங்கரை:
நீங்க ரெண்டு பேரும் ஜேசிபிய முடிங்க. நான் ஒன்னு கேக்குறேன், எல்லாம் மாறிருச்சுங்குற சோழன் அண்ணனும் பதில் சொல்லட்டும். நவம்பர்ல சம்பா இன்சூரன்சு கெடு நெருங்குறப்ப அடங்கல், சிட்டான்னு நிலத்துக் காயிதம், ஆதார், பேங்க் புக்கு எல்லாத்தையும் மஞ்சப்பையில வச்சுக்கிட்டு இ-சேவை மையத்து வாசல்ல காலைலேருந்து நின்னா, மத்தியானம் "சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க"ங்குறாங்க. குத்தகைக்கு ஓட்டுறவங்க பாடு இன்னும் மோசம், பட்டா வேற ஆளு பேர்ல இருக்கும். அப்ப திண்ணை எங்க போச்சு? கம்ப்யூட்டருக்குள்ள போயி உக்காந்துக்குச்சு.

சிங்கப்பூர் சோழன்:
சர்வர் பிரச்சன எல்லா நாட்லயும் உண்டு சிஸ்டர்.

வெண்ணாத்தங்கரை:
சிங்கப்பூர்லயும் மஞ்சப்பையோட நிக்கிறாங்களாண்ணே?

குடந்தை குசும்பன்:
😂😂 சிஸ்டர் பாயிண்ட். ஆனா 12லேருந்து 15 மூணுதான்.

கடைமடைக்காரன்:
தங்கச்சி சொல்றதத்தான் நான் மொதல்லேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்.

வெண்ணாத்தங்கரை:
இல்லவே இல்ல. நீங்க நாலாம் நாள் நாலாம் நாள்னுதான் சொன்னீங்க.

மன்னார்குடி மாப்ள:
நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல, போவட்டும். அடுத்த வாரம் அறுப்பு, கோட்டூர் பக்கம் அறுப்பு மிஷின்காரங்க நம்பர் யாருகிட்டயாவது இருக்கா? கவர்மெண்டு உழவன் ஆப்ல பாத்தேன், போன் எடுக்க மாட்டேங்குறாங்க

கடைமடைக்காரன்:
வயல்ல ஈரம் இருக்கா? ஈரம் இருந்தா டயர் வண்டி எறங்காது, பெல்ட் வண்டிதான், மணிக்கு எவ்ளோன்னு முன்னாடியே பேசிக்கங்க, இல்லேன்னா வயல்ல எறங்கினப்புறம் ஏத்திருவான். தனியா மெசேஜ் பண்ணுங்க, எங்க மச்சான் நம்பர் தர்றேன்.

குடந்தை குசும்பன்:
ஏன் மெசேஜ் பண்ணணும்? லஸ்கர சைக்கிள்ல அனுப்பி விடுங்கண்ணே.

கடைமடைக்காரன்:
நீ மொதல்ல 2021க்கு பதில் சொல்லு.